படம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

மாண்புமிகு தமிழ்நாடு சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தண்டனையை இன்னும் கூட்டுங்கள் என்று கேட்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்தக் கோரிக்கை உங்கள் மேசையில் ஏற்கெனவே நிறையக் கிடக்கும். 2019-இல் போக்சோ சட்டத்தைத் திருத்தித் தூக்குத் தண்டனை வரைக்கும் போயாயிற்று. நம் மாநிலத்தில் 2014-இலேயே சைபர் குற்றவாளிகளையும் பாலியல் குற்றவாளிகளையும் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் ஏறப் படி இல்லை. நான் கேட்க வந்தது வேறு. ஒரு குழந்தையைக் குறிவைத்து ஒருவன் பழகத் தொடங்குகிற நாள் ஒன்று. சட்டம் அவனைக் குற்றவாளி என்று ஏற்றுக்கொள்கிற நாள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காலம் ஓடிவிடுகிறது. அந்த நாட்களில் பெற்றோர் எந்தக் கதவைத் தட்டுவது?

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் காட்டிய செல்போன்களில் இந்தப் பழக்கம் எப்படி வளர்கிறது என்று பார்த்திருக்கிறேன். ஆரம்பம் சாதுவாகத்தான் இருக்கும். பைக்கில் சாய்ந்து நிற்கும் ஒரு காலேஜ் பையன் படம். ‘சாப்டியா?’ ‘டெஸ்ட் எப்படி எழுதினே?’ ஆன்லைன் விளையாட்டில் டயமண்ட் வாங்கிக் கொடுப்பான். வீட்டில் திட்டு விழுந்த அன்று, ‘உங்க வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கவே மாட்டேங்கறாங்கல்ல’ என்று ஒரு வரி வரும். பதின்மூன்று வயதுக்கு அந்த ஒரு வரி போதும். கொஞ்ச நாளில் ‘இன்ஸ்டா வேணாம், டெலிகிராம் வா’ என்பான். அடுத்தது, ‘பேசினதை அழிச்சிடு, யாராவது பார்த்தா உனக்குத்தான் பிரச்சனை.’ இதுவரைக்கும் ஓர் ஆபாச வார்த்தை கிடையாது. பெரியவர்கள் வாசித்தால், யாரோ அக்கறையுள்ள அண்ணன் என்றே நினைப்பார்கள். ஆனால் வேலையில் முக்கால் பங்கு இங்கேயே முடிந்துவிட்டது. குழந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ரகசியம் உருவாகிவிட்டது. அதன் சாவி அவனிடம் இருக்கிறது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா, பேச்சு இந்தக் கட்டத்தில் இருந்தபோதே கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். மகளை அடிக்கவில்லை, போனைப் பிடுங்கி உடைக்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தார். எங்களிடம் பேசிய பெண் காவலர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் கேட்டது இரண்டே கேள்வி. ‘படம் ஏதாச்சும் கேட்டானா? இவ ஏதாச்சும் அனுப்பிட்டாளா?’ இரண்டுக்கும் இல்லை என்றதும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ‘அப்போ நம்பரை பிளாக் பண்ணிட்டு விடுங்கம்மா. மேல ஏதாச்சும் நடந்தா வாங்க.’ புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூட எழுதவில்லை. பிளாக் செய்த மறுநாள் வேறு பெயரில் வேறு கணக்கிலிருந்து அவன் வந்தான். மகள் படிக்கும் பள்ளிக்கூடம் எது என்பதும், டியூஷன் முடிந்து எந்தத் தெரு வழியாக வருகிறாள் என்பதும் அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருக்கும் சட்டங்களை எடுத்துப் பாருங்கள். போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும், கண்காணிப்பதையும், மின்னணு வழியில் தொடர்புகொள்வதையும் குற்றம் என்றுதான் சொல்கிறது. ஆனால் பாலியல் நோக்கம் இருக்க வேண்டும். ‘சாப்டியா’வில் அந்த நோக்கத்தை எந்த எஸ்.ஐ. எழுதிக் காட்டுவார்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவும் பின்தொடர்தலைப் பேசுகிறது. அதில் பாதிக்கப்படுபவர் பெண்ணாக இருக்க வேண்டும், அவள் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவன் தொடர்ந்திருக்க வேண்டும். மனம் வசப்பட்டுப்போன குழந்தை விருப்பமில்லை என்று எங்கே காட்டும்? காலையில் எழுந்ததும் அவன் மெசேஜைத்தானே அது தேடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குழந்தைகளை இணைய உறவுக்கு ஈர்ப்பது பற்றி ஒரு வரி உண்டு. இருமுறை படித்தாலும் பிடிபடாத வாக்கியம் அது. போதாக்குறைக்கு அந்தச் சட்டத்தின்கீழ் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறைந்தவர் விசாரிக்கவும் முடியாது.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. அதே போக்சோவின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்த பிறகு மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பயிற்சி வகுப்புகளில் எங்களுக்கு இதைத்தான் அழுத்தி அழுத்திச் சொல்கிறார்கள். சரி, தெரிவித்தோம். அந்த அச்சத்தை வாங்கிக்கொண்டு நிலையம் என்ன செய்ய வேண்டும்? பதிவு செய்வது, மேலே தெரிவிப்பது தவிர, அவனைத் தடுக்க என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை.

படம் விஷயத்தில் சட்டம் நன்றாகவே தெளிந்துவிட்டது. செல்போனில் குழந்தைகளின் ஆபாசப் படங்களை இறக்கி வைத்திருந்த சென்னை இளைஞர் மீதான வழக்கை 2024 ஜனவரியில் நம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதும் எப்படிக் குற்றமாகும் என்று விரிவாக எழுதியது. படங்களைப் பிடிக்கும் ஏற்பாடும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு நிறுவனங்கள் அனுப்பும் தகவல்கள், 2019-இல் போட்ட ஒப்பந்தப்படி நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலங்களுக்கு வருகின்றன. அந்த ஆண்டு டிசம்பரில் இத்தகைய படங்களைப் பகிர்ந்ததாகத் திருச்சியில் நடந்த கைது உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் ஊராகப் பலர் அன்று பதறிப்போய்ப் போனைத் துடைத்தார்கள். 2023-இல் அந்த மையத்துக்கு வந்த தகவல்கள் 3 கோடியே 62 லட்சம். அதில் இந்தியாவோடு தொடர்புடையவை ஏறத்தாழ 89 லட்சம். இது தகவல்களின் கணக்கு, குழந்தைகளின் கணக்கு இல்லை; ஒரே படம் ஆயிரம் முறை பகிரப்பட்டால் ஆயிரமாக ஏறும். என்னை உறுத்தியது அதே அறிக்கையில் இருந்த சின்ன எண்தான். குழந்தையிடம் பேசி வசப்படுத்துவது குறித்து வந்த புகார்கள் 2021-இல் 44,000 சொச்சம். 2023-இல் 1,86,000-ஐத் தாண்டிவிட்டன. படத்தை இயந்திரம் கண்டுபிடிக்கும். பேச்சை யாராவது சொன்னால்தான் உண்டு.

பேச்சுக் கட்டத்திலேயே சட்டத்தை நுழைத்தவர்கள் இருக்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் கார்லி ரயன் என்ற 15 வயதுப் பெண் 2007-இல் கொல்லப்பட்டாள். கொன்றவன் ஐம்பதை ஒட்டிய ஆள். இணையத்தில் அவளிடம் இளம் கிட்டார் கலைஞனாக நடித்துப் பழகியவன். அந்தக் கலைஞனின் அப்பா வேடத்திலும் அவனே வீட்டுக்கு வந்து போனான். கார்லியின் அம்மா சோன்யா பத்தாண்டு போராடினார். 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் ‘கார்லி சட்டம்’ கொண்டுவந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குத் தீங்கு செய்ய வயதுவந்த ஒருவர் இணையம் வழியே ஆயத்தம் செய்தாலே, திட்டமிட்டாலே குற்றம். பத்து ஆண்டு வரை சிறை. சந்திப்பு நடந்திருக்க வேண்டியதில்லை, படம் கைமாறியிருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இன்னொரு வழி பிடித்தார்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பின்தொடர்பவனைத் தடுக்கும் ஆணை கேட்டுக் காவல்துறையே நடுவர் நீதிமன்றம் போகலாம். அவனுக்கு முன்னதாகத் தண்டனை கிடைத்திருக்க வேண்டியதில்லை. ஆணையை மீறினால் அதுவே தனிக் குற்றம்.

இரண்டாவது வழி நமக்குப் புதிதில்லை. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த அதிர்ச்சியில் கேலிவதைத் தடுப்புச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பிற்பாடு பெண்களுக்குத் தொல்லை விளைவித்தல் தடைச் சட்டம் என்றானது. 2025 ஜனவரியில் அதைத் திருத்தி, பாதிக்கப்பட்டவரை நேரிலோ மின்னணு வழியிலோ நெருங்கக் கூடாது என்று செயல்துறை நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழி செய்யப்பட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவையே நம் மாநிலத்துக்காகத் திருத்தும் முன்வடிவும் அந்தக் கூட்டத்தொடரில்தான் நிறைவேறியது. ஆகவே இது ஒன்றியச் சட்டம், எங்கள் கையில் இல்லை என்ற பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பொதுப் பட்டியலில் உள்ள விஷயம். தேவையானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்புங்கள்.

அந்தப் பாதுகாப்பு ஆணையைக் குழந்தைகளுக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோளின் மையம். ஆணா பெண்ணா என்று பார்க்காமல், 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும். பெண் குழந்தையைப் பெண் என்ற சொல்லுக்குள் எப்படியோ சேர்த்துக்கொள்ளலாம். பையன் எங்கே போவான்? விளையாட்டுக் குழுக்களில் வலையில் விழுவதில் பையன்கள் குறைவில்லை. வெளியே சொல்வதில்தான் குறைவு. இப்போதைய சட்டத்தில் ‘தொல்லை’ என்பது அநாகரிகமான நடத்தையைச் சுற்றியே நிற்கிறது. குழந்தைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. வயதையோ அடையாளத்தையோ மறைத்து ஒரு குழந்தையோடு தொடர் பழக்கம் வைப்பது, வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கச் சொல்வது, மறுத்த பிறகு புதுக் கணக்கில் வருவது: இவை இருந்தாலே ஆணை கிடைக்க வேண்டும். செயல்துறை நடுவரான கோட்டாட்சியர் சில நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆள் யாரென்று தெரியாவிட்டால் கணக்கின் பெயரிலேயே ஆணை போகட்டும். நிறுவனம் அதை முடக்கி, யாருடையது என்று சொல்லட்டும். எல்லோருடைய உரையாடலையும் திறந்து படிக்கும் அதிகாரத்தை நான் கேட்கவில்லை. அதைக் கொடுத்தால் முதலில் யாருடைய பேச்சைப் படிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்தச் சட்டம் எப்படித் தவறாகப் போகும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்தால், அதுவும் சாதி வேறாக இருந்தால், பெண் வீட்டார் போக்சோவை எப்படிக் கையில் எடுக்கிறார்கள் என்பதை நீதிமன்றங்கள் பலமுறை பேசியாயிற்று. 2019 ஏப்ரலில் நீதியரசர் பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் இசைவான உறவை வேறாகப் பார்க்கலாம், வயது வித்தியாசம் ஐந்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும் என்ற யோசனையை ஒரு தீர்ப்பில் எழுதினார். நீங்கள் கொண்டுவரும் சட்டம் பெற்றோருக்கு இன்னொரு கம்பாகிவிடக் கூடாது. எதிராளி வயதுவந்தவராக இருக்க வேண்டும். வயது இடைவெளி வேண்டும். அடையாள ஏமாற்று வேண்டும். குழந்தையைத் தனியே உட்காரவைத்துக் கேட்காமல் எந்த ஆணையும் போடக் கூடாது. இந்த வேலிகள் இல்லாத முன்வடிவு வந்தால் நானே எதிர்த்து எழுதுவேன்.

அடுத்தது, போன். சொன்னால் சிரிப்பு வரலாம், ஆனால் புகார்கள் இதிலேயே பாதி செத்துப்போகின்றன. புகார் என்று போனால் செல்போனைச் சாட்சியப் பொருளாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது தடய அறிவியல் ஆய்வகம் போய்த் திரும்ப மாதக்கணக்காகிறது. பல வீடுகளில் அது ஒன்றுதான் போன். அப்பாவுக்கு வேலைக்கு ஆள் கூப்பிடுவதும், அம்மாவுக்குக் குழுக் கடன் தகவல் வருவதும், மகளுக்கு வீட்டுப்பாடம் வருவதும் அதில்தான். அதைக் கொடுத்துவிட்டு வா என்றால் எந்தத் தாய் வருவார்? பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, ஹாஷ் மதிப்புடன் சான்றளித்த மின்னணு நகலை ஏற்கிறது. மாவட்ட சைபர் கிரைம் நிலையத்தில் நகலெடுத்துச் சான்று வாங்கிக்கொண்டு போனை அன்றே திருப்பித் தர வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூட புது வரி தேவையில்லை.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று நிறுத்திவிட்டது. நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். சிம் அப்பா பெயரில், மெயில் அம்மா பெயரில், கணக்கு அக்கா பெயரில் இருக்கும் ஊரில் வயதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? தடை வந்தால் பிள்ளைகள் அந்தக் கணக்குகளை விட்டு விலகிவிட மாட்டார்கள். மாட்டிக்கொண்ட பிள்ளை வாய் திறக்க மட்டும் இன்னும் பயப்படும், ஏனென்றால் அங்கே இருந்ததே தப்பாகிவிடும்.

வரும் கூட்டத்தொடருக்கு முன் வரைவைத் தமிழில் வெளியிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களுக்கும் அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். முக்கியமாக, அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் வரவேற்பு மேசையில் உட்காரும் காவலர்களிடம் கேளுங்கள். படமும் இல்லை, மிரட்டலும் இல்லை, ஆனாலும் பயமாக இருக்கிறது என்று ஒரு தாய் வந்து நின்றால் கையில் என்ன இருந்தால் உதவியிருக்க முடியும் என்று அவர்களே உங்களுக்கு எழுதித் தருவார்கள். எங்கள் பள்ளியின் கருத்தை, வரைவு வந்த வாரமே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை