சொல் புதிது: துறைமுகம் மட்டும்தானா ‘ஹார்பர்’?

‘ஹார்பர்’ என்றால் துறைமுகம். இதற்கு ஒரு பத்தி எதற்கு என்று கேட்பீர்கள். ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்குவதற்கு அந்தப் பொருள் போதும். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடும்போது போதாது.

அந்த ஆங்கிலச் சொல் பிறந்தபோது அதில் கடலே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஹெரெ’ என்றால் படை, ‘பெயோர்க்’ என்றால் காப்பு. படை தங்கும் இடமாக இருந்தது, பிறகு வழிப்போக்கர் தங்கும் இடமாயிற்று. கப்பலுக்கு அங்கே இடம் கிடைத்தது அதற்கும் பிறகுதான்.

நம் ‘துறை’யோ தண்ணீரிலேயே பிறந்தது. மக்கள் நீரில் இறங்கும் இடம் துறை. குளிக்க ஒரு துறை, துணி வெளுக்க ஒரு துறை, தோணி ஏற ஒரு துறை. பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் கடலோரம். மயிலாடுதுறை காவிரிக் கரை. கல்வித்துறை, மருத்துவத்துறை என்று இன்று அலுவலகப் பலகைகளில் எழுதுவதும் இதே சொல்தான். ஒரு கலையை முழுக்கக் கற்றவரைத் ‘துறைபோனவர்’ என்பார்கள். இறங்கினால் போதாது, கடக்கவும் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது. இப்போது யாரும் எழுதுவதில்லை.

மலாயில் ‘பெலாபுஹான்’. அதன் வேர் ‘லாபுஹ்’, கீழே இறக்குதல். நங்கூரத்தையும் இறக்கலாம், மேடைத் திரையையும் இறக்கலாம்.

கெப்பல் துறைமுகத்துக்கும் நம் கப்பலுக்கும் உறவு உண்டா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. ‘நியூ ஹார்பர்’ என்றிருந்த இடத்துக்கு, ஹென்றி கெப்பல் என்ற கடற்படைத் தளபதியின் பெயரை 1900இல் சூட்டினார்கள். ஆனால் மலாய்க்காரர்கள் சொல்லும் ‘காப்பால்’ நம் கப்பலிலிருந்து போனதுதான்.

1964இல் துறைமுக ஆணையம் வருவதற்கு முன் இங்கே இருந்தது ‘ஹார்பர் போர்டு’. அங்கே வேலை பார்த்த தமிழர்கள் ஏராளம். தாத்தா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டால் ‘போர்டுல’ என்று மட்டும் பதில் வரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இனி வாடகைக்கு வருவோம். பக்கத்து புளோக் அக்கா ஒருவர், அறை வாடகைக்கு விடுவது பற்றிய ஆங்கில அறிவிப்பு ஒன்றைக் காட்டி, “நம்ம வீட்டுக்கும் ஹார்பருக்கும் என்ன தம்பி சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறிவிப்பில் இருந்த சொல் ‘ஹார்பரிங்’. அனுமதிக் காலம் முடிந்தவரையோ சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவரையோ வீட்டில் தங்க வைப்பது.

தமிழில் இதை ‘அடைக்கலம் கொடுத்தல்’ என்று எழுதுகிறோம். அகராதிப்படி தவறில்லை. ஆனால் அடைக்கலம் நமக்குப் புண்ணியமான சொல். கண்ணகியை மாதரியிடம் கவுந்தியடிகள் ஒப்படைக்கும் பகுதிக்கே ‘அடைக்கலக் காதை’ என்றுதான் பெயர். மாத வாடகை வாங்கிக்கொண்டு அறையைக் கொடுத்தவர், “நான் யாருக்கும் அடைக்கலம் கொடுக்கவில்லையே, வாடகைக்குத்தானே விட்டேன்” என்று நினைத்துக்கொள்வார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. தெரிந்தோ பொறுப்பின்றியோ இடம் கொடுத்தால் சிங்கப்பூரில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். விசாரிக்காமல் கவனக்குறைவாக விட்டாலும் குற்றமே.

அதனால் ‘குடிவைத்தல்’ என்றே எழுதலாம் என்பது என் கட்சி. ‘சட்டவிரோதமாகத் தங்குவோரைக் குடிவைத்தல்’ என்றால் யாருக்கும் புரியும். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். அனுமதி அட்டையின் அசலைப் பார்க்க வேண்டும், கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும், அதை வழங்கிய மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ செல்லுபடியாகுமா என்று சரிபார்க்க வேண்டும். மூன்றையும் செய்யாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. வாடகைக்கு வரவிருந்தவர் கைப்பேசியில் படம் மட்டும் அனுப்பியிருந்தாராம். “அசலைக் கொண்டுவரச் சொல்றேன்” என்று போனார்.

மனத்துக்குள் குடியிருப்பவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ஹார்பர்’தான் வினை. சந்தேகத்தை, ஆசையை, பகையை ஹார்பர் செய்வார்கள். தமிழில் இதற்கும் அடைக்கலத்தைத் தேட வேண்டாம். ‘மனசுல வச்சிருக்கான்’ என்று நாம் சொல்வது அதேதான். பகைக்கென்றே ‘கறுவுதல்’ என்று தனி வினை உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று இருபது வருடமாகக் கறுவிக்கொண்டிருக்கும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார்.

‘நங்கூரம்’ தமிழ்ச் சொல்லா என்று கேட்டிருந்த வாசகருக்கு அடுத்த வாரம் பதில்.