பாம்பு தந்த கதை

கற்பனைக் கதை எழுதச் சொன்னால், பல மாணவர்கள் திரைப்படத்தில் பார்த்த டிராகனையே தேடிப் போகின்றனர். கண்ணெதிரே காணும் விலங்கு அதைவிட நல்ல கதையைத் தரும். பினாங்கின் பாம்புக் கோயிலே அதற்குச் சான்று.

ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கே, பாயான் லெப்பாசில் உள்ள சீனக் கோயில் அது. காட்டுக் குழிவிரியன்கள் அங்கே வந்து தங்கின. நச்சுப் பாம்புகள்தாம், ஆனாலும், பகலெல்லாம் கிளையில் சுருண்டு அசையாமல் கிடந்தன. பார்த்தவர்கள் வியந்தனர். பாம்புகளுக்கு அடைக்கலம் தந்த துறவி சோர் சூ கோங்கைத் தேடியே அவை வந்தன என்று கதை சொன்னார்கள். ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்றும் சிலர் சொன்னார்கள்.

உண்மையில், அது அப்பாம்பின் இயல்பு. இரவில் இரை பிடிக்கும் குழிவிரியன், ஒரே இடத்தில் நெடுநேரம் பொறுமையாகக் காத்திருக்கும். இந்த உண்மை தெரிந்தால் கற்பனை கெட்டுவிடும் எனச் சிலர் எண்ணலாம். அது தவறு. அப்பாம்பு யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்கும்போதே புதிய கதை ஒன்று தொடங்கிவிடுகிறது. (தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை, தள்ளி நின்று பார்த்தாலே போதும்.)

ஆனால், பாயான் லெப்பாசில் இன்று தொழிற்சாலைகளும் வீடுகளும் பெருகிவிட்டன, காடு சுருங்கிவிட்டது. முன்பு கோயில் எங்கும் கிடந்த பாம்புகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.