இணை சேர்க்கும் முன் ஆன்டிபயாடிக்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பெட்டை நாய் ஹீட்டுக்கு வந்ததும், கடுவனோடு விடுவதற்கு முன் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டுவிடும் பழக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. உள்ளே சுத்தமாகிவிட்டால் சினை நன்றாகத் தங்கும் என்பது நம்பிக்கை. கடுவன் வைத்திருக்கும் சிலர், பெட்டையின் பிறப்புறுப்பில் ஸ்வாப் எடுத்துக் 'கிருமி இல்லை' என்று லேப் ரிப்போர்ட் கொண்டுவந்தால்தான் சேர்க்கவே விடுகிறார்கள். நோய்க்குறி எதுவும் இல்லாத பெட்டைக்கு இந்த மருந்தும் வேண்டாம், இந்த ரிப்போர்ட்டும் வேண்டாம் என்பதே நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

கிருமியே இல்லாத யோனி எந்த நாய்க்கும் கிடையாது. ஈ.கோலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், பாஸ்டுரெல்லா, மைக்கோபிளாஸ்மா எல்லாம் ஈற்றுக்கு ஈற்று நல்ல குட்டி போடும் நாய்களிடமும் குடியிருப்பவைதான். ஸ்வீடனில் 59 பெட்டைகளிடம் நெடுங்காலம் ஸ்வாப் எடுத்துப் பார்த்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான மாதிரிகளில் பாக்டீரியா வளர்ந்தது, அதுவும் பல வகை சேர்ந்தே. ஹீட்டின்போது கருப்பை வாய் திறப்பதால் இவை கருப்பைக்குள்ளும் ஏறும். ஆரோக்கியமான கருப்பை தானே அவற்றை வெளியேற்றிவிடும்.

மருந்து கொடுத்தால் என்ன ஆகிறது என்பதையும் அதே நாட்டில் சோதித்து 1993இல் எழுதினார்கள். ஆம்பிசிலினோ டிரைமெத்தோபிரிம்-சல்ஃபாவோ கொடுத்தும் கிருமிகள் ஒழியவில்லை. மருந்துக்கு அடங்காத ஈ.கோலியும் மைக்கோபிளாஸ்மாவும்தான் தலைதூக்கின. காசு கொடுத்து வாங்கிய வினை!

சினை தங்காததற்குப் பெரும்பாலும் காரணம் நாள் தவறிச் சேர்ப்பதே. ஆன்டிபயாடிக்குக்குச் செலவழிப்பதற்குப் பதில் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்துவிட்டால் நாள் தெரிந்துவிடும். நாற்றமடிக்கும் கசிவு, கருச்சிதைவு, சரியான நாளில் சேர்த்தும் திரும்பத் திரும்பச் சினை நிற்காமை ஆகியவை இருந்தால் மட்டுமே ஸ்வாப் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் பொருள் உண்டு. முதல் ஹீட்டுக்கு வராத குட்டிகளுக்கு வரும் லேசான கசிவு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

இணை சேர்க்கும் முன் கட்டாயமாகக் கேட்க வேண்டிய பரிசோதனை ஒன்று உண்டு. அது புரூசெல்லா கேனிஸ். 1966இல் அமெரிக்காவில் பீகிள் நாய்களின் கருச்சிதைவுகளை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட கிருமி இது. பொதுவாகச் சினையின் கடைசி வாரங்களில் குட்டி கலைந்துவிடும். தடுப்பூசி கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முழுதாக ஒழிந்தது என்று நம்ப முடியாது. மனிதருக்கும் தொற்றும் என்பதால், கலைந்த குட்டியை வெறுங்கையால் எடுக்கவே கூடாது. பெட்டைக்கு மட்டும் சோதித்தால் போதாது, கடுவனுக்கும் வேண்டும். தொற்று உறுதியானால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

பாக்டீரியாவுக்கு உண்மையிலேயே அஞ்ச வேண்டிய காலம் ஹீட் முடிந்த பிறகு வருகிறது. புரோஜெஸ்டிரோன் ஓங்கியிருக்கும் அந்த இரண்டு மாதங்களில் கருப்பைச் சுவர் தடிக்கும், கருப்பை வாய் மூடிக்கொள்ளும். உள்ளே தங்கிவிட்ட ஈ.கோலி பெருகினால் கருப்பை சீழ்ப்பையாகிவிடும். பயோமெட்ரா என்பது இதுதான். கருத்தடை அறுவை பரவலாக இல்லாத ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகளில், ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டைக்குப் பத்து வயதுக்குள் இது வந்திருக்கிறது. ஹீட்டைத் தள்ளிப்போடப் போடும் ஹார்மோன் ஊசியும், வேண்டாத சினையைக் கலைக்கப் போடும் ஈஸ்ட்ரோஜன் ஊசியும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. இரண்டையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இனி குட்டி வேண்டாம் என்றால் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவதே நல்லது.

சீழ் எல்லா நாய்க்கும் வெளியே வடியாது. கருப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் தெரியாது. ஹீட் முடிந்து ஓரிரு மாதத்தில் உங்கள் பெட்டை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்தால், வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்காதீர்கள். இரவானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.