முன்னால ஒரு சைபர்

2021 மாட்டுப் பொங்கல் அன்னிக்கு ஊர்லேர்ந்து ஃபோன் வரலை. நல்ல நாள்னா காலையில எட்டு மணிக்குள்ள அம்மா கூப்பிட்டுடுவாங்க. மத்தியானம் நானே கூப்பிட்டா, "ஏம்ப்பா, நம்பரை மாத்துனா சொல்ல மாட்டியா?"ன்னு ஒரே அழுகை.

நான் எங்க மாத்துனேன்! அன்னிக்கு, ஜனவரி 15லேர்ந்துதான், லேண்ட்லைன்லேர்ந்து மொபைலைக் கூப்பிட முன்னால 0 போடணும்னு நாடு முழுக்க விதி வந்துச்சு. அரியலூர் வீட்டு கார்ட்லெஸ்ல நான் சேவ் பண்ணி வச்சிருந்ததெல்லாம் வெறும் பத்து இலக்கம். அம்மா அமுக்க அமுக்க ஏதோ ஒரு பொம்பளை குரல். என்ன சொல்லுச்சுன்னு கேட்டா, "யாரோ பேசுனா, வச்சுட்டேன்"ங்கறாங்க.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். நம்பர் தட்டுப்பாடு வந்துடக்கூடாதுன்னு 2020 மே மாசம் ட்ராய் பரிந்துரைச்சது. இந்த ஒத்தை சைபரால 254 கோடி நம்பர் கூடுதலாக் கிடைக்கும்னு கணக்கு. உள்ளூர் லேண்ட்லைன் நம்பரோட குழம்பாதுங்கறதால, 2, 3, 4ன்னு தொடங்குற மொபைல் நம்பருக்கும் வழி பிறக்கும். நியாயம்தான்.

தப்பு என்மேல. பழைய ஒயர் ஃபோன் இருந்தப்ப அம்மாவுக்கு இருபது நம்பராவது மனப்பாடம். மீதி ஃபோனுக்கு மேல சுவத்துல பென்சில்ல இருக்கும். நான்தான் கார்ட்லெஸ் வாங்கிக் கொடுத்து, '2ஐ அமுக்கினா நான், 3ஐ அமுக்கினா தங்கச்சி'ன்னு செட் பண்ணி, சுவத்துக்கு வெள்ளையும் அடிச்சேன். அந்த ஃபோன்ல பேர் இங்கிலீஷ்லதான் ஏறும். அம்மா தமிழ் மட்டும்தான் படிப்பாங்க. பெரிய சௌகரியம் பண்ணிக் கொடுத்ததா எனக்குப் பெருமை வேற :-)

அந்தச் சௌகரியத்துல அவங்க கையில இருந்த நம்பர் மொத்தமும் போச்சு. (கரண்ட் போனா கார்ட்லெஸ் பேசாது. பழைய செப்புக்கம்பி லைன்ல ஒயர் ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்சுலேர்ந்தே கரண்ட் வந்துடும். அதையும் நான் யோசிக்கலை.)

மெனுவுல போயி எடிட் பண்ணுன்னு ஃபோன்லயே எப்படிச் சொல்லித் தர்றது? காலண்டர் பின்பக்கம் பதினோரு இலக்கத்தையும் எழுதிக்கச் சொன்னேன். வச்சுட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் கழிச்சு மணி அடிச்சுது. "ரெண்டு தடவை தப்பாப் போச்சுப்பா."

அப்பா அம்மாவுக்கு நம்பர் சேவ் பண்ணித் தர்றவங்க, அதையே சுவத்துலயும் பெருசா எழுதி வைங்க. வாரம் ஒரு தடவையாவது ஒவ்வொரு நம்பராக் கையால அமுக்கிக் கூப்பிடச் சொல்லுங்க.

2025 பிப்ரவரியில ட்ராய் இன்னொரு பரிந்துரை கொடுத்துச்சு. லேண்ட்லைன்லேர்ந்து உள்ளூர் லேண்ட்லைனுக்குமே 0 போட்டு எஸ்டிடி கோடோட அடிக்கணுமாம். அதைப் படிச்சதும் ஊருக்குப் போயி பெரியப்பா வீட்டு நம்பருக்கு முன்னால 04329ன்னு சுவத்துல எழுதிட்டு வந்தேன்.

"அடுத்த தெருவுக்குமாப்பா?"ன்னாங்க அம்மா.