கேட்கும் முன்பே கொடுங்கள்!

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றம் போய்ப் பார்க்க வேண்டும். தெருவெல்லாம் மேளச் சத்தம். முருகப் பெருமான் தெய்வயானையை மணந்த தலம் அல்லவா? அதனால் ஒரே நாளில் எத்தனையோ கல்யாணங்கள் நடக்கின்றன. வேனிலும் பஸ்சிலும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள்.

அதே நேரத்தில், சுமார் 8 கிலோ மீட்டர் தூரத்தில், மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இன்னொரு கூட்டம் நிற்கும். "பெரியாஸ்பத்திரி" என்று மக்கள் சொல்வது இதைத்தான். மதுரைக்காரர்கள் மட்டுமா வருகிறார்கள்? விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் என்று பல மாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். பிரசவத்துக்கு வந்தவர் இருப்பார். நான்குவழிச் சாலையில் அடிபட்டவர் இருப்பார். ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் இருப்பார்.

"ரத்தம் வேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார். உறவினர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. செல்போனை எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள்.

தவறு இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தை, தேவை வந்த பிறகு தேடுகிறார்கள். தேவை வரும் முன்பே அது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்!

சொந்தம் வேறு, பிரிவு வேறு

"அவன் என் ரத்தம்" என்று உறவின் பெருமையைச் சொல்வார்கள். ஆனால், ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சு செல்லாது. தாய்க்கு "ஓ" பிரிவு, மகனுக்கு "ஏ" பிரிவு என்றால், பெற்ற தாய்க்கு அவன் ரத்தம் ஆகாது. முன்பின் தெரியாத ஒருவருடைய ரத்தம் ஆகும். சாதி, மதம் எதையும் ரத்தம் பார்ப்பதில்லை. பிரிவு ஒன்றைத்தான் பார்க்கிறது.

இந்தப் பிரிவுகளை 1901-ம் ஆண்டு உலகுக்குச் சொன்னவர், கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய டாக்டர். அதற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூன் 14-ந் தேதிதான் உலக ரத்த தான நாள்.

பொருத்தமான ஆள் கிடைத்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றக் கூடாது. எச்.ஐ.வி., இருவகை மஞ்சள் காமாலை, மேக நோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். பிரசவத்தில் ரத்தம் பெருகும் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருக்குமா? நம் நாட்டில் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று, பிரசவ ரத்தப்போக்கு. அவளைக் காப்பாற்றுவது, யாரோ ஒருவர் முன்பே கொடுத்துவிட்டுப் போன ரத்தம்தான்.

பயம் எதற்கு?

"ரத்தம் கொடுத்தால் உடம்பு தளர்ந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி லிட்டர். எடை அதிகம் உள்ளவரிடம் 450 மில்லி லிட்டர். ஒரு சொம்பில் பாதி அளவு!

முருகனுக்கு முடி காணிக்கை கொடுக்கிறார்கள். கொடுத்தவர் மொட்டைத் தலையோடே இருந்துவிடுகிறாரா? முடி மறுபடி வளர்கிறது. ரத்தமும் அப்படித்தான். கொடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பு அணுக்கள் சில வாரங்களில் நிறைந்துவிடும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

ஊசி ஒவ்வொருவருக்கும் புதியது. ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போடுவதில்லை. ஆகவே, கொடுப்பவருக்கு நோய் தொற்றும் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கொஞ்ச நேரம் படுத்திருந்து, பழச்சாறு குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

யார் கொடுக்கலாம்?

18 வயது முதல் 65 வயது வரை கொடுக்கலாம். முதல் முறை கொடுப்பவர் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். காய்ச்சல் உள்ளவர்கள், குடித்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் கொடுக்கக் கூடாது. பச்சை குத்திக்கொண்டவர்கள் ஓராண்டு பொறுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மனம் இருந்தும், பல பெண்களால் ரத்தம் கொடுக்க முடிவதில்லை. ரத்தம் குறைந்த அந்தப் பெண்களுக்குத்தான் பிரசவத்தில் ஆபத்தும் அதிகம். ஆகவே, முதலில் முன்வர வேண்டியவர்கள் ஆண்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தைப் பெண்களும் விட வேண்டும். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் அவர்கள் தட்டிலும் விழ வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள்!

ரத்தத்தைக் காசுக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. பசிக்கு விற்றவர்கள், நோயை மறைத்து விற்றார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் அளித்த தீர்ப்பினால், 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. மனம் உவந்து கொடுப்பதே பாதுகாப்பான ரத்தம்.

2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. சோதனையில் நேர்ந்த தவறு அது. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அந்த விபரீதம் எப்படி வெளியே வந்தது? ரத்தம் கொடுத்த வாலிபரே, தமக்கு நோய் இருப்பதை அறிந்ததும் ரத்த வங்கிக்குச் சொன்னார். அவர் மறைத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு உடனே மருந்து கிடைத்திருக்குமா?

இதைக் காட்டி, ரத்தமே கொடுக்காமல் இருப்பது சரியல்ல. சோதனை செய்பவர் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். கொடுப்பவர், டாக்டர் கேட்கும் கேள்விக்கு ஒளிவு மறைவு இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

ஊசிக்குப் பயந்தவர்

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் அவருக்கு நெஞ்சில் பெரிய ஆபரேஷன். பிறர் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தார். "நானும் கொடுப்பேன்" என்று அன்றே உறுதி எடுத்தார். 1954-ல், 18 வயதில் தொடங்கினார். 2018 வரை 1,173 முறை கொடுத்தார். அவர் பெரும்பாலும் கொடுத்தது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கக் கூடிய நீர்ப்பகுதி. அதிலிருந்து செய்த மருந்து சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காத்தது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார்.

இவ்வளவுக்கும் அவருக்கு ஊசி என்றால் பயம்! ஊசி குத்தும்போது ஒரு முறைகூட அவர் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வார். கையை மட்டும் நீட்டுவார்.

ஒரு நாள் கூட்டம் போதாது

எடுத்த ரத்தத்தை 35 நாள்தான் வைத்திருக்க முடியும். சிவப்பு அணுக்களைத் தனியே பிரித்தால் 42 நாள். டெங்குக் காய்ச்சலில் சிலருக்குத் தேவைப்படும் தட்டணுக்கள் ஐந்தே நாள்தான் தாங்கும். தலைவர் பிறந்த நாளில் ஆயிரம் பேர் வரிசையில் நின்றுவிட்டு, கல்லூரி மூடும் கோடை விடுமுறையில் ஒருவரும் வராவிட்டால் என்ன பயன்? அடுப்பு தினமும் எரிய வேண்டும். ஒரு நாள் விருந்து சமைத்துவிட்டு, ஒரு மாதம் பட்டினி கிடக்க முடியாது.

ஆகவே, வீட்டுக் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். மகன் பிறந்த நாளாக இருக்கலாம். கல்யாண நாளாக இருக்கலாம். அந்த நாளில் அருகில் உள்ள அரசு ரத்த வங்கிக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமா? மாமனும் மச்சானும் சேர்ந்து போங்கள். யாருக்கு என்று கேட்க வேண்டாம். யார் கொடுத்தது என்று வாங்குபவருக்கும் தெரியாது.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறார்கள். வாங்கியவர், என்றாவது ஒரு நாள் திருப்பிச் செய்ய வேண்டும். ரத்தமும் ஊருக்குச் செய்யும் மொய்தான். இன்று எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வேண்டிய நாளில் ஊர் திருப்பித் தரும்!