நீட்டுக் காரா? உயரக் காரா?

ஸ்வீடன் நாட்டு வால்வோ கம்பெனி 1953-ல் 'டூயட்' என்று ஒரு காரை விற்பனைக்கு விட்டது. வாரநாளில் சரக்கு ஏற்றலாம். ஓய்வு நாளில் குடும்பத்தோடு போகலாம். பின்பக்கம் பெட்டி போல் நீண்ட இந்த வகைக்கு 'எஸ்டேட் கார்' என்று பெயர்.

2002-ல் அதே கம்பெனி 'எக்ஸ்.சி. 90' என்ற உயரக் காரைக் கொண்டுவந்தது. இந்த வகைதான் 'எஸ்.யு.வி.'. வசதியுள்ள வீடுகளில் வாதம் கிளம்பிவிட்டது. எதை வாங்குவது?

உயரக் காரில் ஏழு பேர் உட்காரலாம். முழங்கால் வலிக்காரப் பாட்டி குனியாமல் ஏறலாம். பெரிய சவுகரியம்தான்!

ஆனால், ஒரே என்ஜினைப் பூட்டினாலும் உயரக் கார்தான் அதிகப் பெட்ரோல் குடிக்கும். எடை கூடுதல். காற்றையும் முட்டித் தள்ளவேண்டும்.

'பனியில் ஓட உயரம் வேண்டாமா?' என்பார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் எஸ்டேட் காரும் உண்டு. பனியில் வழுக்காமல் காப்பது டயர்தான். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பாதையில் பனி கிடந்தால் பனி டயர் போடவேண்டும் என்பது ஸ்வீடன் சட்டம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஒன்று. பானெட் உயர்ந்தால், முன்னே நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுகிறவர் கண்ணில் படாமல் போகலாம். காமிரா வைக்கிறார்கள். கண்ணுக்கு அது ஈடாகுமா?

ஐந்து பேருக்குள் அடங்கும் குடும்பத்துக்கு எஸ்டேட் போதும். நாய்கூடப் பின்தளத்தில் சுலபமாகத் தாவி ஏறும். ஏழு பேர் என்றால் உயரக் கார்தான். எதுவானாலும், பணம் கொடுக்குமுன் பாட்டியையும் நாயையும் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது!