உபயம் கொடுக்கிற கை மேனேஜ்மெண்ட் பீஸும் கட்டணும்



வழக்கமா இங்க பூஜை நேரம், அன்னதானப் பட்டியல், உபயக்காரர் விவரம்தான் போடுவோம். இன்னிக்கு எழுதப் போறது வேற விஷயம். நம்ம கோவிலுக்கு வர்றவங்கள்ல நிறைய பேர் கெலாங் பாத்தா சுத்துவட்டாரத்துல அடுக்குமாடியில சொந்த வீடு வாங்கிக் குடியிருக்கீங்க. அங்க நடக்கிற ஆண்டுக்கூட்டம், அதுல தேர்ந்தெடுக்கிற கமிட்டி, இதைப் பத்தித்தான் சொல்லப் போறோம். படிச்சிட்டு சில பேருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

கோவில் தொண்டர்கள்ல நாங்க நாலு பேர் ஒரே அடுக்குமாடிக்காரங்க. நாலு பேருமே அங்க ஜேஎம்பி கமிட்டியில இருக்கோம். சம்பளம் கிடையாது. பந்தியில சோறு போடும்போது "அண்ணே, இன்னும் கொஞ்சம் ரசம்"னு வாய் நிறைய கூப்பிடுறவங்க, அதே எங்களை லிப்ட்ல பார்த்தா போனைப் பார்க்க ஆரம்பிச்சிடுறாங்க. காரணம் ரெண்டு பக்கமும் தெரியும். பராமரிப்புப் பணம் பாக்கி.

நம்ம ஆளுங்க பலருக்கு "மேனேஜ்மெண்ட்"னா யாரோ ஒரு கம்பெனி, கட்டடத்துக்கு முதலாளி மாதிரி ஒருத்தன்னு நினைப்பு. அப்படி இல்லை. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757, 2015 ஜூன் 1 முதல் நடப்புல இருக்கு. அதன்படி வீட்டு உரிமையாளர்கள்தான் கூட்டு நிர்வாக அமைப்புக்கு உறுப்பினர்கள். அவங்க தங்களுக்குள்ள 3 பேருக்குக் குறையாம, 14 பேருக்கு மேற்படாம ஒரு கமிட்டியைத் தேர்ந்தெடுக்கணும். ஆபீஸ்ல உட்கார்ந்து ரசீது போடுற பொண்ணு நாம வச்ச ஆள். அந்தப் பிள்ளைகிட்ட போய் சத்தம் போடுறது நமக்கு நாமே சத்தம் போட்டுக்கிற மாதிரி.

இரண்டாவது பாலம் வழியா விடியறதுக்கு முன்னாடியே சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறவங்க நம்மில் நிறைய. அங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்ல லிப்ட் நின்னா டவுன் கவுன்சில் பார்த்துக்கும். 1988-ல சட்டம் போட்டு நாடாளுமன்ற உறுப்பினர் பொறுப்புல விட்டுட்டாங்க. அதைப் பார்த்துட்டு வந்து இங்கேயும் "அரசாங்கம் என்ன பண்ணுது"ன்னு கேக்கிறாங்க. இங்க இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றத்துல கட்டட ஆணையர், சிஓபின்னு சொல்வாங்களே, அவர் இருக்கார். கூட்டம் ஒழுங்கா நடக்குதா, கணக்கு தணிக்கை ஆகுதான்னு அவர் கண்காணிப்பார். லிப்ட் ரிப்பேருக்குக் காசு கொடுக்க மாட்டார்.

எங்க புளோக்ல ஒரு லிப்ட் மூணு வாரம் நின்னுச்சு. ஒன்பதாவது மாடியில ஒரு பாட்டி. வெள்ளிக்கிழமை தவறாம அம்மனுக்கு மாலை கட்டிக் கொண்டு வர்றவங்க. முழங்கால் முடியாது. மூணு வெள்ளியும் மாலை மட்டும் பேரன் கையில வந்துச்சு, பாட்டி வரல. "இப்ப காசில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த சாமான்தான் கடைசியில உடைஞ்சது. எங்கள்ல ரெண்டு பேர் பாக்டரி ஆளுங்க, சூப்பர்வைசர் வேலை. மெஷினை நேரத்துக்கு சர்வீஸ் பண்ணாம ஓட்டினா லைன் எப்ப நிக்கும்னு எங்களுக்கு நல்லா தெரியும். கமிட்டியில சொன்னோம். எல்லாரும் சரின்னாங்க. கணக்குல பணம் இல்லை.

இப்ப கோபம் வர்ற இடத்துக்கு வர்றோம்.

பாக்கி வச்சிருக்கிறவங்கள்ல சில பேர் நம்ம கோவில் உபயக்காரங்க. திருவிழாவுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் வெள்ளி உபயம், மைக்குல பேர், பரிவட்டம். அதே ஆள் வீட்டுப் பராமரிப்பு ஒரு வருஷத்துக்கு மேல கட்டல. கேட்டா "லிப்ட்தான் ஓடலையே, எதுக்குக் கட்டணும்?"னு நம்மையே மடக்குறாங்க. கட்டாததாலதான் ஓடல. எங்க கருத்தை ஒளிக்காம சொல்றோம்: அந்த உபயத்துல பாதியைக் குறைச்சு பாக்கியைக் கட்டுங்க. கோவில் வருமானம் குறையும், தெரியும். உண்டியல் எண்ணுறதே நாங்கதான். ஆனா அந்தப் பாட்டி கீழ இறங்கி வர்றது அம்மனுக்குக் கூடுதல் ஒரு வேளை அலங்காரத்தை விடப் பெருசுன்னு நாங்க நினைக்கிறோம்.

எல்லாரையும் ஒரே தராசுல நிறுத்த முடியாது. வேலை போனவங்க இருக்காங்க, டயாலிசிஸ் போறவங்க இருக்காங்க. அவங்க ஆபீஸ்ல வந்து பேசினா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்ட வழி பண்ணித் தர்றோம். பேசாம இருந்தாதான் சிக்கல். பாக்கிக்காரர் பேரு, வீட்டு நம்பர், தொகை மூணையும் அறிவிப்புப் பலகையில ஒட்டலாம்னு 2015 விதிமுறையில இருக்கு. கேட் கார்டையும் நிறுத்தலாம். கமிட்டியில இருக்கிற சீன அன்பரும் மலாய்க்கார அண்ணனும் "ஒட்டிடலாம்"னாங்க. நாங்க நாலு பேரும், முதல்ல ஒருமுறை நேர்ல போய் பேசிட்டு அப்புறம் ஒட்டலாம்னு நின்னோம். ஒத்துக்கிட்டாங்க. நேர்ல போனப்ப கதவைத் திறக்காத வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்காக இனிமே வாதாட மாட்டோம். அடுத்து பாரம் 11 நோட்டீஸ், 14 நாள் கெடு, அதுக்கப்புறம் ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம். இரண்டரை லட்சம் வெள்ளி வரைக்கும் அங்க வழக்கு எடுக்கிறாங்க.

இன்னொரு வேடிக்கை. கோவில் ஆண்டுக்கூட்டத்துல தேங்காய்க் கணக்குக்கு ரெண்டு மணி நேரம் கேள்வி கேக்கிறோம். நல்லதுதான், கேக்கணும். கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள ஆர்ஓஎஸ்-க்கு அறிக்கை போகணும், தப்பு இருக்கக்கூடாது. ஆனா நம்ம சொந்த வீட்டு மதிப்பே எதுல தொங்குதோ அந்தக் கணக்கை ஒருத்தரும் புரட்டிப் பார்க்கிறதில்லை. பராமரிப்புக் கட்டணம் 100 வெள்ளின்னா அதுல 10 விழுக்காடு, 10 வெள்ளி, சிங்கிங் பண்டுக்குன்னு தனியா கட்டறீங்க. பெயின்ட், கூரை, லிப்ட் மாதிரி பெரிய செலவுக்கு அதான் கையிருப்பு. அதுல எவ்வளவு இருக்குன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?

கூட்டத்துக்கு உரிமையாளர்கள்ல பாதிப் பேர் வரணும். அரை மணி நேரம் பார்த்துட்டு, வந்தவங்களை வச்சே நடத்திடலாம்னு சட்டமே சொல்லுது. அதனால போன தடவை மொத்த கட்டடத்துக்கும் இருபது பேர் சேர்ந்து முடிவெடுத்தாங்க. கட்டணம் ஏத்தினதும் அந்த இருபது பேர்தான். வராதவங்க அப்புறம் வாட்ஸ்அப்ல பொங்கினாங்க.

இந்தத் தடவை எங்களுக்கு ஆள் வேணும். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவியில தொடர்ந்து ரெண்டு தவணைக்கு மேல இருக்க முடியாது. எங்கள்ல பொருளாளரா இருக்கிறவருக்கு ரெண்டாவது தவணை முடியுது. கணக்கு தெரிஞ்ச பெண்கள் நம்ம கோவில்ல எத்தனை பேர் இருக்கீங்க! சீட்டுக் கணக்கை மனசுலயே போடுற அக்காமார்கள் வரலாமே. இங்கிலீஷ் வராதுன்னு தயங்க வேண்டாம், எங்க கூட்டம் பாதி மலாய்லதான் நடக்குது.

கூட்டத்துக்கு ஏழு நாளைக்கு முன்னாடி பாக்கி இருந்தா ஓட்டு கிடையாது. அன்னிக்குக் காலையில ஓடி வந்து கட்டினா பலிக்காது. வர முடியாதவங்க பிராக்ஸி பாரம் எழுதிக் கொடுக்கலாம், ஆனா ஒருத்தர் ஒரு உரிமையாளருக்கு மட்டும்தான் பிராக்ஸியா வர முடியும். வாடகைக்கு இருக்கிறவங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க.

வர்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். பாரம் வாங்கிக்கலாம், சந்தேகம் கேக்கலாம், எங்க கட்டடத்துக்காரங்கதான் வரணும்னு இல்லை. உங்க பாக்கி எவ்வளவுன்னு மட்டும் அங்க கேக்காதீங்க. பின்னாடி வரிசையில நிக்கிறவங்க காதுல விழும். அதை ஆபீஸ்ல பார்த்துக்கலாம்.